“நல்லாத்தான் சார் ஓடுது!”: அடிக்கடி நின்றுபோகும் லேப்டாப்பும் வாங்கியவர் உரிமையும்

“ரெண்டு நாள் ஓட விட்டுப் பார்த்தோம். நல்லாத்தான் சார் ஓடுது. எடுத்துட்டுப் போங்க.”

லேப்டாப்பைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்தவர்களில் பலர் கேட்டிருக்கும் பதில் இது. வீட்டில் நீலத் திரை காட்டிக் காட்டி நின்ற கருவி, ஏசி போட்ட சர்வீஸ் அறையில் சமர்த்தாக ஓடியிருக்கும், டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தை மாதிரி. என்ஜினியர் பொய் சொல்கிறார் என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை. பெரும்பாலும் அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொன்னது ஜாப் ஷீட்டில் ஏறும்போதுதான் வம்பு தொடங்குகிறது. “பழுது எதுவும் இல்லை” என்று எழுதிப் புகாரை மூடிவிட்டால், கம்பெனியின் பதிவேட்டில் உங்களுடையது நல்ல லேப்டாப். இப்படியே இரண்டு தடவை போய்வந்து, அதற்குள் வாரண்டியும் முடிந்துவிட்டால், மதர்போர்டு செலவு உங்கள் தலையில்.

அடியோடு செத்துப்போன கருவிக்கு நியாயம் கேட்பது சுலபம். விட்டு விட்டு வரும் பழுதுக்குத்தான் சான்று வேண்டும். அந்தச் சான்றை வாரண்டி நாட்களுக்குள் சேர்த்துவிட்டீர்களா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

லேப்டாப் ஏன் திடீரென நிற்கிறது? ஃபேனில் தூசி அடைத்தோ, சிப்புக்கு மேல் பூசிய பேஸ்ட் காய்ந்தோ சூடு ஏறினால், கனமான வேலை நடக்கும்போது நிற்கும். மே மாத மதியத்தில், மெத்தை மேல் வைத்து வேலை செய்தால் இன்னும் சீக்கிரம். ராம் பழுதென்றால் நேரம் காலம் இல்லாமல் நிற்கும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழைக் குறியீடு வரும். எஸ்எஸ்டி போகத் தொடங்கினால் முதலில் ஹேங் ஆகும், பிறகு ஃபைல்கள் திறக்காது. அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கி, ஒரே குறியீட்டோடு திரும்பத் திரும்ப வந்தால் டிரைவர் மேல் சந்தேகப்படலாம். நீலத் திரைகூட இல்லாமல் பட்டென்று அணைந்தால் அடாப்டர், பேட்டரி, மின்சுற்று, சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவை எல்லாம் ஊகத்துக்கு உதவும், அவ்வளவுதான். உறுதிப்படுத்த வேண்டியது கம்பெனியின் வேலை. உங்கள் வேலை பழுது வந்ததைக் காட்டுவது.

அதற்கான குறிப்பேட்டை உங்களுக்காக லேப்டாப்பே எழுதி வைக்கிறது. விண்டோஸில் தேடும் இடத்தில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் ரிலையபிலிட்டி மானிட்டர் திறக்கும். எந்த நாளில் எது நின்றது என்று தேதிவாரியாக, சிவப்புக் குறியோடு இருக்கும். ஈவண்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு இருந்தால், கருவி முறையாக மூடப்படாமல் நின்றது என்று பொருள். காரணத்தை அது சொல்லாது. நீலத் திரையில் ‘டபிள்யூஎச்இஏ’ என்று தொடங்கும் பிழை வந்தால் பெரும்பாலும் வன்பொருள் பக்கம் பார்க்க வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில், நின்ற நொடியின் நிலையைச் சொல்லும் சிறு ஃபைல்கள் சேரும். இவற்றையெல்லாம் படம் பிடித்து, பென் டிரைவில் நகலெடுத்து, வேறிடத்தில் வையுங்கள். நீலத் திரை வரும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணும் அதே வீடியோவில் வரட்டும்.

ஏன் வேறிடத்தில் என்றால், கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் சீக்கிரமே “ரீசெட் பண்ணுங்க, ஃபார்மேட் பண்ணுங்க” என்பார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் படிவரிசை அப்படி. ஃபார்மேட் செய்தால் மென்பொருள் கோளாறு சரியாகலாம். கூடவே, அதுவரை சேர்ந்த சான்று முழுவதும் அழியும். ஒருமுறை செய்யுங்கள், நகலெடுத்த பிறகு. செய்த தேதியையும், அதற்குப் பிறகும் நின்ற தேதியையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். மீண்டும் ஃபார்மேட் என்றால், “முந்தைய புகார் எண்களில் இது செய்யப்பட்டுவிட்டது, வன்பொருள் சோதனை தேவை” என்று எழுத்தில் பதில் கொடுக்கலாம். போனில் பேசியதும் அதன் சாரத்தைப் புகார் எண்ணோடு மின்னஞ்சல் செய்துவிடுவது நல்ல பழக்கம். போன் பேச்சு அவர்களிடம் பதிவாகும், உங்களிடம் ஆகாது.

மென்பொருளா வன்பொருளா என்ற வாதத்தை முடிக்க ஒரு வழி உண்டு. பெரிய கம்பெனிகளின் லேப்டாப்புகளில் விண்டோஸுக்கு வெளியே ஓடும் சோதனை மென்பொருள் இருக்கும். ஆன் செய்யும்போது டெல் கருவிகளில் எஃப்12, எச்பி கருவிகளில் எஸ்கேப் தட்டி எஃப்2 என்று போனால் கிடைக்கும். பிழை இருந்தால் ஒரு குறியீடு தரும்; அதைப் படம் எடுங்கள். மெம்டெஸ்ட்86 என்ற கருவியை இரவு முழுக்க ஓடவிட்டால் ராம் பழுதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஓட்டும்போதும் லேப்டாப் நின்றால், “உங்க விண்டோஸ்லதான் பிரச்சினை” என்று அதன் பிறகு யாரும் சொல்ல முடியாது.

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழியுங்கள். ஜாப் ஷீட்டில் ‘ஹேங் ஆகிறது’ என்று மொட்டையாக எழுதுவார்கள். ‘அரை மணி நேரம் வீடியோ அழைப்பில் இருந்தால் நீலத் திரையோடு நிற்கிறது, இதே பழுதுக்கு இரண்டாவது வருகை, முந்தைய ஜாப் எண் இது’ என்று எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். சர்வீஸ் உலகில் ‘சி.ஐ.டி.’ என்றால் துப்பறிவாளர் இல்லை. வாங்கியவர் ஏற்படுத்திய சேதம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சுருக்கம் அது. மூலையில் ஒரு கீறலோ, தண்ணீர் பட்ட தடமோ இருப்பதாக எழுதிவிட்டால் வாரண்டி மறுக்கப்படலாம். லேப்டாப்பைத் திரும்ப வாங்கும்போது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்ற விவரத்தோடு ஜாப் ஷீட் நகல் கேளுங்கள். ‘பழுது இல்லை’ என்று திருப்பிக் கொடுத்தால் ‘பழுது தொடர்கிறது என்ற ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத விடவில்லையா, அன்றைக்கே மின்னஞ்சலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

தரவு பற்றிப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். தரவு போனால் பொறுப்பில்லை என்று வாரண்டி நிபந்தனைகளில் பொதுவாக எழுதியே வைத்திருப்பார்கள். கொடுக்கும் முன் நகலெடுங்கள். இன்னொன்றும் உண்டு. பிட்லாக்கர் பூட்டு பல லேப்டாப்புகளில் தானாகவே போடப்பட்டிருக்கிறது. மதர்போர்டை மாற்றினால் அது 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண் வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்பே எடுத்து வைக்காதவர்கள், பழுது நீங்கிய லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தப் படங்களைத் திறக்க முடியாமல் நிற்கிறார்கள்.

எரிச்சலில் இருப்பவரைக் குறிவைக்கும் கூட்டமும் இருக்கிறது. கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி முதலில் வரும் எண்ணுக்கு அடிக்காதீர்கள்; போலி எண்கள் அங்கே கலந்திருக்கின்றன. கம்பெனியின் சொந்தத் தளத்திலோ, பெட்டியிலோ உள்ள எண்தான் நம்பகமானது. உண்மையான நீலத் திரையில் தொலைபேசி எண் இருக்காது. எண்ணோடு, அலாரச் சத்தத்தோடு வந்தால் அது பிரவுசரில் திறந்த மோசடிப் பக்கம். கேட்காமலே “மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுறோம்” என்று வரும் அழைப்பும் மோசடிதான். அசல் கம்பெனிகளும் தொலைவிலிருந்து உங்கள் திரையைப் பார்ப்பதுண்டு. ஆனால் பழுது பார்க்க யாருக்கும் உங்கள் ஓடிபியோ யுபிஐ பின்னோ வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

வாங்கியவர் தரப்பைக் கம்பெனிகள் நம்பாமல் இழுத்தடிப்பதற்குப் பழைய உதாரணம் உண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் சில கிராஃபிக்ஸ் சிப்புகள் லேப்டாப்புகளில் வழக்கத்துக்கு மேல் பழுதாவதை ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கப்போவதாக அறிவித்தது. சூடேறி ஆறும்போது சிப்பின் இணைப்புகள் விரிசல் விடுவதுதான் கோளாறு. சில லேப்டாப் கம்பெனிகள் முதலில் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? ஃபேன் அதிகம் சுற்றும்படி ஒரு பயாஸ் அப்டேட். வாரண்டி நீட்டிப்பு பின்னால் வந்தது. 2011 மாடல் மேக்புக் ப்ரோக்களில் கிராஃபிக்ஸ் பழுது பரவலாக எழுந்தபோதும், ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது 2015 பிப்ரவரியில்தான், அமெரிக்காவில் வழக்குப் போட்ட பிறகு. காசு கொடுத்துச் சரி செய்திருந்தவர்கள் பணத்தைத் திரும்பப் பெற முடிந்தது. பில்லைப் பத்திரப்படுத்தியவர்களுக்கு அது சுலபமாக இருந்திருக்கும். உங்கள் மாடலிலேயே பலருக்கும் இதே பழுது இருந்தால் அதைக் குறித்து வையுங்கள். ஒரே குறையுள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து புகார் செய்ய இந்தியச் சட்டத்திலும் இடமுண்டு.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலர் பேசாமல் வந்துவிடுகிறார்கள். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது இந்தச் சட்டம். பில் கொடுக்காததும் அப்படியே. ஆன்லைனில் வாங்கியிருந்தால், தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதி. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சொந்தக்காரர் வாங்கிவந்த லேப்டாப் என்றால், அதன் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை முதலில் பாருங்கள். பல மாடல்களுக்குச் செல்லாது.

முதல் படியாக 1915. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான இதில் தமிழிலும் பேசலாம். அவர்கள் உங்கள் புகாரைக் கம்பெனியின் மேலிடத்துக்கு அனுப்புவார்கள். உத்தரவு போட அதிகாரம் கிடையாது. ஆனாலும் கவுன்டரில் அசையாத விஷயம் இங்கே அசைவதுண்டு. அடுத்து, கம்பெனியின் இந்திய அலுவலகம், கடை, சர்வீஸ் சென்டர் மூன்றுக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். வாங்கிய தேதி, தொகை, ஒவ்வொரு ஜாப் எண், ஒவ்வொரு பழுதுத் தேதி, என்ன வேண்டும், எத்தனை நாளில். கோபத்துக்கு இதில் இடம் வேண்டாம், தேதிகள் போதும்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். ‘வழக்கு என்றால் பெங்களூரு நீதிமன்றத்தில் மட்டும்’ என்று வாரண்டி அட்டையில் இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை; பெரும்பாலான லேப்டாப்புகள் அதற்குள் அடங்கிவிடும். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கால வரம்பு, புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. கடைசி சர்வீஸ் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளலாம் என்று சாவகாசமாக இருப்பது ஆபத்து.

ஆணையத்தில் தோற்பவர்கள் எங்கே தோற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தயாரிப்புக் குறை என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. வெறும் வாய்ச்சொல் எடுபடாது. அங்கேதான் ஒரே பழுதுக்கான அடுத்தடுத்த ஜாப் ஷீட்டுகள் பேசும். போதாதென்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அடுத்த பள்ளம், ‘வணிக நோக்கம்’. கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி பில் போட்டு வாங்கியிருந்தால், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழில் செய்து பிழைப்பவர் தன் வேலைக்காக வாங்கியது இந்த விலக்கில் வராது. டிடிபி வேலை செய்பவரும் டியூஷன் எடுப்பவரும் அதைப் புகாரிலேயே எழுதிவிட வேண்டும். மூன்றாவது, வாரண்டி இருக்கும்போதே சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் கொடுத்துப் பிரித்துப் பார்த்தது. அங்கே திறமைக்குக் குறைவில்லை. ஆனால் கம்பெனிக்கு அது வசதியான சாக்கு.

கேட்கக்கூடியவை: பழுது நீக்கம், புதிய கருவி, பணம் திரும்ப, நஷ்டஈடு, வழக்குச் செலவு. லேப்டாப் விலையைப் போலப் பத்து மடங்கு மன உளைச்சலுக்குக் கேட்பவர்கள் புகாரின் கனத்தையே குறைத்துக்கொள்கிறார்கள். வாடகை லேப்டாப்புக்குக் கொடுத்த தொகை, ரசீதுள்ள இழப்பு என்று கேட்டால் எடை கூடும். தீர்ப்பு வந்தபின் கம்பெனி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 45 நாள் அவகாசம்; உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். கட்டாமலும் கொடுக்காமலும் இழுத்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத, 1 லட்சம் வரை போகக்கூடிய அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.