வேம்பும் பூச்சிக்கொல்லி என்னும் சொல்லும்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபூ நெல் விளையும். நெல்லைப் பத்தாயத்தில் இடுங்கால் வேப்பிலையும் நொச்சியிலையும் இடையிடையே பரப்புதல் பழைய வழக்கு. அந்துப்பூச்சி அணுகாது என்பது அதன் கருத்து. இன்று வேம்பிலிருந்து பெறும் மருந்தையும் பூச்சிக்கொல்லி என்றே வழங்குகின்றோம். இப்பெயர் பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

தொல்காப்பிய மரபியல், சிதலையும் எறும்பையும் மூவறிவுயிராகவும் தும்பியை நான்கறிவுயிராகவும் வகுக்கும். நாவுணர்வு ஈரறிவுயிர்க்கே உண்டாதலின் இவற்றிற்கும் அஃது உண்டு என்பது போதரும். வேம்பு முதற்கண் தொழிற்படுவது இச்சுவையுணர்விலேயாம்.

1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிகள் பசுமையெல்லாம் தின்றழித்தபோது வேப்பமரங்கள் மட்டும் எஞ்சி நின்றமையைச் செருமானிய அறிஞர் ஷ்முட்டரர் கண்டார். தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பிரதானும் அவர்தம் குழுவினரும் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிரில் தெளித்து ஆராய்ந்து, 1962-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெட்டுக்கிளிகள் அப்பயிரில் வந்து அமர்ந்தன, ஆயின் உண்ணவில்லை. 1968-இல் இங்கிலாந்துக் கீல் பல்கலைக்கழகத்தார் பட்டர்வொர்த்தும் மார்கனும் வேப்பவிதையிலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பு மிகச் சிக்கலானது. ஆய்வுக்கூடத்தில் அதனை முழுதும் ஆக்குதல் 2007-இல்தான் கைகூடிற்று.

இப்பொருளின் செயல் இருவகைப்படும். ஒன்று, வாயுறுப்பின் சுவை நரம்பணுக்களைத் தாக்கி, உணவை வெறுக்கச் செய்தல். மற்றொன்று, உண்ட சிறிதளவும் உடலுட் சென்று, தோலுரித்தற்குரிய சுரப்புகளின் ஒழுங்கைக் குலைத்தல். புழு தோலுரித்தே வளர்வது. தோலுரிக்க இயலாதது வளர்ச்சி குன்றி மடியும். தப்பிப் பிழைத்த பெண்பூச்சியின் முட்டையும் குறையும். இவையெல்லாம் நிகழச் சில நாள் வேண்டும்.

ஆகவே, கொல்லி என்னும் பெயர் உழவரை மயங்கவைக்கும். மாலையில் வேப்பங்கரைசல் தெளித்தவர், மறுநாட் காலையில் சுருட்டுப்புழு உயிரோடிருத்தல் கண்டு, மருந்து பலிக்கவில்லை எனக் கருதுவது இயல்பே. கருதியவர் கடுநஞ்சை நாடுவர். அந்நஞ்சு தீமைசெய் பூச்சிகளைத் தின்னும் சிலந்திகளையும் குளவிகளையும் உடன் அழிக்கும். அதன்பின் புகையான் முன்னினும் பெருகுதல் உண்டு. ஒரு சொல்லின் பிழை வயலிற் பிழையாய் முடிகின்றது.

பூச்சிவிரட்டி என்பாரும் உளர். அமர்ந்த வெட்டுக்கிளி உண்ணாதிருந்ததேயன்றி ஓடவில்லை. தோலுரிப்புத் தடைப்படுதலும் விரட்டுதல் ஆகாது. ஊணையும் வளர்ச்சியையும் தடுத்தலின், பூச்சித்தடை என்பதே பொருத்தமாம் எனக் கருதுகின்றோம்.

மரபு என்பதொன்றே பற்றி அனைத்தையும் ஏற்றலும் சாலாது. அசாடிராக்டின் விதையிலேயே மிகுதி. இலையில் மிகக் குறைவு. ஆதலின் பத்தாயத்து இலையைக் கொண்டு வயற்பயன் எதிர்பார்த்தல் தகாது. வயலுக்கு, 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடித்து, 200 கிராம் சோப்புக் கூட்டி, 100 லிட்டர் ஆக்கித் தெளித்தல் வேளாண் துறையார் காட்டும் நெறி. வெயில் இப்பொருளைச் சிதைக்குமாதலின் மாலையே தெளித்தற்கு ஏற்ற பொழுது.

கலைச்சொல் ஆக்குவோர் பிறமொழிப் பெயரை நோக்குதலோடு அமையாது, பொருளின் தொழிலையும் நோக்குதல் வேண்டும். புகையால் கருகியது போலப் பயிர் தோன்றுதல் கண்டு புகையான் என்றும், குருத்தைத் துளைத்தல் கண்டு குருத்துப்பூச்சி என்றும் பெயரிட்ட உழவர், தொழில் நோக்கியே பெயரிட்டனர். அந்நெறியே நமக்கும் உரியது.