பயன்படுத்திய முன்பெருக்கியைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டு ஸ்டீரியோ அமைப்பில், சி.டி. பிளேயர், ரேடியோ, இசைத்தட்டுச் சுழலி போன்றவற்றிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெற்று, ஒலி அளவைக் கட்டுப்படுத்தி, திறன் பெருக்கிக்கு அனுப்பும் கருவி முன்பெருக்கி ஆகும். பேச்சு வழக்கில் இது பிரீஆம்ப் எனப்படுகிறது. ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றலைத் தருவது திறன் பெருக்கியே. முன்பெருக்கியில் வெப்பம் குறைவு என்பதால், பல ஆண்டுகள் பழையதும் நல்ல நிலையில் கிடைப்பதுண்டு. ஆயினும் விலையையும் பெயரையும் மட்டும் பார்த்து வாங்குவது ஏமாற்றத்தில் முடியலாம்.

பொருத்தம்

முதலில் வீட்டிலுள்ள பெருக்கி எவ்வகை என அறிய வேண்டும். ஒருங்கிணைந்த பெருக்கிக்குள் முன்பெருக்கி ஏற்கெனவே உள்ளது. அதன் பின்புறத்தில் திறன் பெருக்கிப் பகுதிக்கு நேரடியாகச் செல்லும் 'மெயின் இன்' துளை இல்லாவிட்டால், தனி முன்பெருக்கியால் பெரிய பயன் இல்லை. சமிக்ஞை இரண்டு முன்பெருக்கிகளைக் கடந்து செல்லும், இரைச்சல்தான் கூடும்.

அடுத்தது மின்மறுப்பு. முன்பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு, திறன் பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. சில பழைய வால்வு முன்பெருக்கிகளில் இது அதிகம். அவற்றுடன் நீளமான கம்பியை இணைத்தால் உயர் அதிர்வெண் ஒலிகள் மங்கும்.

சமிக்ஞை அளவு

சி.டி. பிளேயரின் உச்ச வெளியீடு பொதுவாக 2 வோல்ட். பழைய முன்பெருக்கிகள் இதைவிட மிகச் சிறிய சமிக்ஞைகளுக்காக அமைக்கப்பட்டவை. 1967-இல் இங்கிலாந்தில் வெளிவந்த குவாட் 33 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ரேடியோ உள்ளீடு சுமார் 100 மில்லிவோல்ட்டுக்கு உரியது. சி.டி. பிளேயரை அதில் நேரடியாக இணைத்தால், குமிழைச் சிறிது திருப்பியதுமே ஒலி உரத்துவிடும். இடையில் ஒரு தணிப்பி தேவை. அதில் இருப்பவை டின் வகைத் துளைகள் என்பதால் தனிக் கம்பிகளும் வேண்டும்.

இசைத்தட்டு கேட்பவர்களுக்கு ஃபோனோ பகுதி முக்கியம். நகரும் காந்த வகை கார்ட்ரிட்ஜ் சில மில்லிவோல்ட் மட்டுமே தரும். அதற்கு 47 கிலோ ஓம் உள்ளீடு வழக்கம். நகரும் சுருள் வகை பெரும்பாலும் அதனினும் மிகக் குறைவாகவே தருவதால் கூடுதல் பெருக்கம் தேவை. தட்டில் குறைத்துப் பதியப்பட்ட தாழ் ஒலிகளையும் கூட்டிப் பதியப்பட்ட உயர் ஒலிகளையும் ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்பாட்டின்படி இப்பகுதியே பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. சி.டி. மட்டும் கேட்பவர் இதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

வாங்குமுன் சோதனை

- ஒலிக் குமிழை மெதுவாகத் திருப்ப வேண்டும். கரகரப்பு பெரும்பாலும் தூசியால் வருவது. சுத்தம் செய்தால் போகும். ஆனால் குறைந்த ஒலியில் ஒரு பக்கம் மட்டும் கேட்டால் குமிழின் உள்பகுதி தேய்ந்திருக்கலாம்.
- இசையின்றிக் குமிழை உயர்த்தும்போது 'ஊம்' என்ற ஓசை எழுந்தால், மின்வழங்கிப் பகுதியின் மின்தேக்கிகள் பழுதாகியிருக்கலாம்.
- அனைத்து உள்ளீடுகளையும் இரு பக்கங்களிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.
- ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட் மின்சாரம் வழங்கப்படுகிறது. அந்நாட்டுக் கருவியை இந்தியாவிலோ இலங்கையிலோ 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்தால் எரிந்துவிடும்.

மிக முக்கியமானது நேர்மின்னழுத்தச் சோதனை. கருவியை இயக்கிச் சில நிமிடங்கள் கழித்து, வெளியீட்டுத் துளையின் நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். ஓரிரு மில்லிவோல்ட் பொருட்டல்ல. 100 மில்லிவோல்ட் இருந்து, திறன் பெருக்கி நேர்மின்னழுத்தத்தைத் தடுக்காமல் 20 மடங்கு பெருக்கினால், ஸ்பீக்கருக்கு 2 வோல்ட் செல்லும். இசையே இல்லாதபோதும் சுருளை அது தொடர்ந்து சூடாக்கும். பழுது இதைவிடப் பெரிதானால் ஸ்பீக்கரே எரிந்துபோகலாம்.

வாங்கும் விலையுடன் மின்தேக்கிகளை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இயக்கும்போது முன்பெருக்கியை முதலிலும் திறன் பெருக்கியைக் கடைசியிலும் இயக்க வேண்டும். நிறுத்தும்போது இந்த வரிசையை மாற்ற வேண்டும்.