பூனை படுத்த இடத்தில் அரிசி மணியா?

பூனை படுத்து எழுந்த இடத்தில் காய்ந்த அரிசி மணி போல ஏதாவது கிடக்கிறதா? அது நாடாப்புழுவின் உடல் துண்டு. புதிதாக உதிர்ந்ததென்றால் மெல்ல நெளியவும் செய்யும்! இந்தப் புழு பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் வருகிறது. உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது பூனை தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. பிராசிகுவாண்டல் மாத்திரை புழுவைக் கொன்றுவிடும். தெள்ளை ஒழிக்காவிட்டால் சில வாரங்களில் மறுபடி அதே கதைதான். அதற்காக நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையின் உயிருக்கே ஆபத்து.

குட்டிகளுக்கோ தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு வந்துவிடும். வயிறு மட்டும் உப்பிய குட்டியைப் பார்த்து, ‘நல்லா சாப்பிடுது’ என்று மகிழ வேண்டாம். பிறந்த 3 வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி, எடைக்கு ஏற்ற மருந்தைத் தொடங்கிவிடலாம்.