பஞ்சவன்காட்டில் தொடங்கும் கதை

பதின்வயதினருக்கான வரலாற்று மாயக்கதைகள் இன்று புத்தகக் கடைகளில் தனி அடுக்கையே பிடித்துக்கொண்டுள்ளன. அரியணைக்கு உரியவனாகப் பிறந்தும் துரத்தப்படும் இளவரசன், இறந்துவிட்டதாக ஊர் நம்பும் தோழன், யட்சி உலவும் காடு, காத்திருக்கும் காதலி ஆகியவை அவற்றின் வழக்கமான கூறுகள். இவை அனைத்தையும் 1891ஆம் ஆண்டிலேயே ஒரே நூலில் கோத்துத் தந்தவர் திருவனந்தபுரத்தில் பிறந்த சி.வி. ராமன் பிள்ளை. நூலின் பெயர் ‘மார்த்தாண்டவர்மா’. மலையாளத்தின் முதல் வரலாற்றுப் புதினம் அது. ஆனால் அதன் களத்தில் கணிசமான பகுதி, இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. சென்னையில் சட்டம் பயின்ற சி.வி.யின் அந்நூல் அச்சேறியதும் சென்னையில்தான். அப்போது அவருக்கு வயது 33.

கதைக்குப் பின்னுள்ள வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. 1720களில் வேணாட்டை ஆண்டவர் ராமவர்மா. அங்கே நிலவிய மருமக்கத்தாய முறைப்படி, மன்னருக்குப்பின் அரியணை ஏறுபவர் மகன் அல்லர், சகோதரியின் மகன். அவ்வகையில் உரிமை பெற்றவர் மார்த்தாண்டவர்மா. மன்னரின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் இதை ஏற்கவில்லை. ‘எட்டுவீட்டில் பிள்ளைமார்’ எனப்பட்ட பிரபுக்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். ஏறத்தாழ இருபது வயதே ஆன இளவரசர் ஊர் ஊராக மறைந்து வாழ நேர்ந்தது. பிறப்பு ஒருவனுக்கு ஒன்றை விதிக்கிறது, உலகமோ அதை மறுக்கிறது. மாயக்கதை எழுதுவோர் தேடித்தேடிப் புனையும் இந்த முடிச்சு, வேணாட்டில் வாரிசுச் சட்டத்தின் வடிவிலேயே கிடந்தது. சி.வி. அதைக் கண்டுகொண்டார். ஆங்கிலத்தில் வால்டர் ஸ்காட்டின் வரலாற்றுப் புதினங்களைப் படித்துத் தேர்ந்த கண் அது.

புதினம் பஞ்சவன்காட்டில் தொடங்குகிறது. இரத்த வெள்ளத்தில் ஓர் இளைஞன் உணர்வற்றுக் கிடக்கிறான். அவன் இளவரசரின் தோழன் அனந்தபத்மநாபன். அவ்வழியே வரும் பட்டாணிய வணிகர் கூட்டம் அவனைத் தூக்கிச் செல்கிறது. ஊரோ அவன் இறந்துவிட்டதாக முடிவு கட்டுகிறது. வாசகர்களான நாம் மட்டும் உண்மையை அரைகுறையாக அறிந்தவர்களாய் அடுத்த ஏடுகளைப் புரட்டுகிறோம். இரண்டு ஆண்டுகள் கழித்து, வேற்றுருவங்களில் அவன் திரும்புகிறான்.

பஞ்சவன்காடு என்ற பெயரே தென்திருவிதாங்கூர் வாசகர்களுக்கு நடுக்கம் தந்திருக்கும். கள்ளியங்காட்டு நீலி உலவிய இடமாக நம்பப்பட்ட காடு அது. பொன்னுக்காகக் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் யட்சியாகி, தன்னைக் கொன்றவன் வணிகனாகப் பிறந்து வரும்போது பழிதீர்க்கும் கதையை நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்துள்ளனர். கள்ளிக் கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ‘இவர் என் கணவர்’ என்று ஊர் அவையில் அவள் முறையிடும் கட்டம் கேட்போரை உறைய வைப்பது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் இதே நீலியின் கதை வேறு அழுத்தத்துடன் வழங்குகிறது. வணிகனின் உயிருக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர், அவன் மாண்டதும் சொன்ன சொல் மாறாமல் தீப்புகுந்தனராம். பிணைக் கையொப்பத்தை எளிதாக இட்டுவிடும் நமக்கு இது ஓர் அச்சமூட்டும் கதைதான்!

சி.வி. யட்சியை மேடையேற்றவில்லை. நீலியின் கதையை நூலுக்குள் சொல்லவைக்கிறார், காட்டை அச்சத்தால் நிரப்புகிறார், ஆனால் குத்திச் சாய்ப்பவை மனிதக் கைகள்தாம். பேய் குறித்த நம்பிக்கை எவ்வாறு ஒரு குற்றத்தை மூடும் போர்வையாகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். மந்திரச் சாயலுள்ள மனிதரை முழுமையாகக் காண வேண்டுவோர் அவருடைய அடுத்த வரலாற்றுப் புதினமான ‘தர்மராஜா’வுக்கு (1913) வர வேண்டும். அதில் வரும் ஹரிபஞ்சானனன் என்னும் யோகி, ஒரே வேளையில் இரண்டு இடங்களில் தோன்றுவதாக மக்கள் வியக்கின்றனர். உண்மையில் அவர்கள் இரட்டையர், அழிக்கப்பட்ட எட்டுவீட்டார் குலத்தின் எச்சம். மாயத்தின் முகமூடியைக் கழற்றினால் அடியில் அரசியல் பகையே இருக்கிறது.

காதலுக்கு வருவோம். செம்பகச்சேரி இல்லத்துப் பாருக்குட்டி, இறந்துவிட்டதாக எல்லோரும் சொல்லும் அனந்தபத்மநாபனையே நினைத்திருக்கிறாள். பப்புத் தம்பியுடன் திருமணப் பேச்சு எழும்போதும் அவள் மனம் அசைவதில்லை. இறுதியில் காதலர்கள் இணைகின்றனர். ஆயினும் நூலை மூடியபின் நம் நெஞ்சில் நிற்பவள் பாருக்குட்டி அல்லள், சுபத்திரை. கணவனால் ஐயுற்றுக் கைவிடப்பட்டவள், தன் குலத்தார் தீட்டும் சதியை அறிந்து இளவரசரைக் காக்கத் துணிபவள், அதற்காகத் தன் மாமனின் வாளுக்கே இரையாகிறவள். அவளால் காக்கப்பட்டவர் அவளைக் காக்க வரும்போது காலம் கடந்துவிடுகிறது. நாயகனுக்கு அரியணையும் நண்பனுக்கு மணமாலையும் தந்த ஆசிரியர் சுபத்திரைக்கு மட்டும் எதையும் தரவில்லை. அதுவே இந்நூலை வெறும் சாகசக் கதையாக நின்றுவிடாமல் காத்தது என்பது என் எண்ணம்.

வேற்றுருவங்களைப் பற்றியும் ஒரு சொல். பிரபுவின் மகனான அனந்தபத்மநாபன் ‘பைத்தியக்காரச் சாணான்’ உருவில் திரிந்தே இளவரசரைக் காப்பாற்றுகிறான். எளிய குலத்து மனிதன் ஒருவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பதால் அந்த வேடம் எடுபடுகிறது. இந்த உண்மையை நூல் உரக்கச் சொல்வதில்லை. கதையோட்டமே சொல்லிவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு உறுத்தும் இடம் ஒன்றும் உண்டு. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து தம்பிமாருக்குச் சூழ்ச்சி சொல்லித் தரும் சுந்தரய்யன், தமிழ் கலந்து பேசும் கெட்டவன். நூல் வெளிவந்த அதே 1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான், வெளியிலிருந்து வந்தவர்களுக்கே உயர் பதவிகள் போகின்றன என்று முறையிட்ட ‘மலையாளி மெமோரியல்’ மனு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பத்துடன் திருவிதாங்கூர் மன்னரிடம் சேர்ந்தது. அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் சி.வி.யும் ஒருவர். சுந்தரய்யனின் முகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டைவிடப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அலுவலகச் சண்டையே அதிகம் தெரிகிறது. வரலாற்றுப் புதினம் எப்போதும் இரண்டு காலங்களைப் பேசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எட்டுவீட்டார் தரப்பு நியாயம் எதுவாயினும், பொதுமக்கள் நினைவில் அவர்கள் இன்றுவரை கொடியவர்களாகவே நிற்பதில் இப்புதினத்துக்கும் பங்கு உண்டு.

நூலுக்கு வெளியே நடந்த ஒரு வழக்கும் சுவையானது. பி.வி. ராவ் இயக்கத்தில், சுந்தர்ராஜ் தயாரித்த மௌனப் படமாக ‘மார்த்தாண்டவர்மா’ 1933இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் வெளியானது. நூலின் உரிமை கமலாலயா புக் டிப்போ என்னும் பதிப்பகத்திடம் இருந்தது. தயாரிப்பாளரோ அவர்களிடம் உரிமை பெற்றிருக்கவில்லை. வழக்கு எழுந்தது, படம் முடங்கியது, படச்சுருள் பதிப்பகத்தின் வசமாயிற்று. பெரும் பொருள் செலவிட்டவருக்கு ஓர் ஒப்பந்தத் தாள் இல்லாமற்போனது பேரிழப்பு. ஆனால் ஓடி ஓடித் தேய்ந்து அழிந்த பிற படங்களுக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை. பதிப்பகத்தில் கிடந்த சுருளை 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பெற்றது. தென்னிந்திய மௌனப் படங்களுள் இன்று எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றுள் அதுவும் ஒன்று.

துரத்தப்பட்ட அந்த இளவரசர் 1729இல் அரியணை ஏறி, 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்று, 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமியின் திருவடியில் காணிக்கையாக்கினார். கதையின் நிலங்களைக் காண விரும்புவோர் திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து புறப்பட்டு ஒரே நாளில் பார்த்துவிடலாம். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் அமைந்திருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது, திங்கட்கிழமைகளில் விடுமுறை. வழியில் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் இறங்க மறவாதீர்கள். பகைவர் துரத்தியபோது மார்த்தாண்டவர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்படும் பலாமரம், ‘அம்மச்சிப்பிலாவு’ என்ற பெயருடன் அவ்வளாகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஓர் ஆள் நுழையுமளவுக்கு அதன் அடிமரத்தில் பொந்து இருக்கிறது.