“என் பணத்தை திருடிட்டா”: மறதி நோயாளிகளின் பழிச்சொல்லால் மனம் நொறுங்கும் மருமகள்கள்

கள்ளக்குறிச்சி:

“சுருக்குப் பையில வெச்ச பணத்தை இவதான் எடுத்துட்டா. ரெண்டு நாளா எனக்கு சோறே போடலை.” தெருவில் நின்று ஒரு பாட்டி இப்படி கத்தினால் ஊர் யாரை நம்பும்? மருமகளைத்தான் சந்தேகமாக பார்க்கும். அரை மணி நேரம் முன்னாடிதான் அவர் சோறு ஊட்டி இருப்பார்.

இது மாமியார் கொடுமை இல்லை. டிமென்ஷியா என்ற முதுமை மறதி நோயின் அறிகுறி. பணத்தை எங்கே வைத்தோம் என்பது மூளையில் பதிவதில்லை. பணம் காணோம், பக்கத்தில் இருப்பது மருமகள் மட்டும்தான். மீதியை மூளையே இட்டுக்கட்டி நிரப்பி விடுகிறது. பாட்டி பொய் சொல்லவில்லை, அதை உண்மை என்றே நம்புகிறார்.

2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் உள்ளது. சுமார் 88 லட்சம் பேர். நகரத்தை விட கிராமத்தில்தான் அதிகம்.

தூக்கம் போச்சு

பார்த்துக் கொள்பவரை உடைப்பது மறதி இல்லை. பெயர் மறந்தால் சொல்லிக் கொடுத்து விடலாம். திருட்டுப் பழி, கெட்ட வார்த்தை, குளிக்க மாட்டேன் என்று அடிக்க வருவது, ஒரே கேள்வியை 50 தடவை கேட்பது, இதெல்லாம்தான் ஆளை சாய்க்கிறது. இதில் மோசமானது ராத்திரி.

பொழுது சாயும் நேரத்தில் பலருக்கு பதற்றம் கூடும். சொந்த வீட்டிலேயே உட்கார்ந்து கொண்டு “வீட்டுக்கு போகணும்” என்று கிளம்புவார்கள். கல்வராயன் மலையில் கதவை திறந்தால் காடும் ஓடையும்தான். எப்படி கண் மூட முடியும்? ஆம்பளைங்க கேரளா, கர்நாடகா பக்கம் கூலி வேலைக்கு போய்விட, பல வீடுகளில் ஒரே பெண்தான் காவல். காலையில் காட்டு வேலைக்கும் அவரேதான் போகணும்.

தூக்கம் கெட்டால் எரிச்சல் வரும். ஒருநாள் கை ஓங்கி விடுவார். அப்புறம் “பெத்தவ மாதிரி இருந்தவங்களை அடிச்சிட்டேனே” என்று அழுகை. பசி இல்லாமல், யாரிடமும் பேசப் பிடிக்காமல், செத்துப் போகலாமா என்ற எண்ணம் வரை போவதும் உண்டு. இது மனச்சோர்வு நோய், இதற்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு பாட்டியை கூட்டிப் போகிறவரிடம் ‘உனக்கு எப்படி இருக்கும்மா’ என்று யாரும் கேட்பதில்லை.

பொங்கலுக்கு மட்டும் வரும் மகன், மகள் வேறு ஒரு தலைவலி. விருந்தாளி வந்தால் நோயாளி கொஞ்ச நேரம் தெளிவாக பேசுவது சகஜம். உடனே “அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெருசு படுத்துற” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி விடுவார்கள். ஒரு வாரம் ராத்திரி தங்கிப் பார்க்கட்டும், தெரியும்.

கோவாவில் நடந்தது

இதற்கு பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்பதில்லை. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு ஆய்வு நடந்து, 2008-ல் முடிவு வெளியானது. பிளஸ்-2 வரை படித்த உள்ளூர் ஆட்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பாதி குடும்பங்களுக்கு 6 மாதம் நேரில் போய் நோயை விளக்கி, நோயாளியை சமாளிக்கும் வழி சொல்லி, குறைகளை காது கொடுத்து கேட்டார்கள். தேவைப்பட்டபோது டாக்டர்களும் துணைக்கு இருந்தார்கள். அந்த வீடுகளில் பார்த்துக் கொள்பவர்களின் மனநிலை மற்றவர்களை விட நன்றாக தேறியது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் உள்ளூர் பெண்கள்தான் வீடு தேடி பிரஷர், சுகர் மாத்திரையோடு வந்தார்கள். இதே வேலையை வெள்ளிமலையில் இப்படிப்பட்ட பெண்களால் செய்ய முடியாதா என்ன?

என்ன செய்யலாம்?

“நான் எடுக்கலை” என்று வாதாடினால் சண்டைதான் வளரும். “வாங்க அத்தை, ரெண்டு பேரும் தேடலாம்” என்றால் பாதி கோபம் அடங்கும். அதே மாதிரி இன்னொரு சுருக்குப் பை வைத்திருப்பது நல்லது. பகலில் ரொம்ப நேரம் தூங்க விடாதீர்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். சட்டைப் பையிலோ முந்தானையிலோ ஊர் பெயரும் செல்போன் நம்பரும் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டிலும் ‘இது நோய்’ என்று சொல்லி வைத்தால் பழிச்சொல் பாதியாக குறையும். வாரம் ஒரு ராத்திரியாவது காவலுக்கு வேறு ஆள் மாறணும்.

மருந்துக்கடையில் சொந்தமாக தூக்க மாத்திரை வாங்கி கொடுக்கவே கூடாது. தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறியும். நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென குழம்பினால் அது சிறுநீர் தொற்றாகவோ, தலையில் அடிபட்ட ரத்தக்கசிவாகவோ கூட இருக்கலாம். மந்திரிக்க போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு போகணும். தைராய்டு, வைட்டமின் பி-12 குறைவால் வரும் மறதியை மாத்திரையால் சரிசெய்யவும் வாய்ப்பு உண்டு.

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி உள்ளது. மனநல டாக்டரை கேட்டு பாருங்கள், உங்களுக்காகவும் சேர்த்து. வர முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் நம்பருக்கு போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 24 மணி நேரமும் எடுப்பார்கள். மலையில் டவர் கிடைக்காத ஊர்க்காரர்கள் கச்சிராயப்பாளையம் சந்தைக்கு இறங்கும்போது பேசிவிட்டு போகலாம்.