ஓடினால் மட்டும் போதுமா?

“இந்தத் தகர டப்பாவை என்றைக்குத்தான் பழைய இரும்புக்காரனிடம் தள்ளப் போகிறீர்கள்?”

ஷெட்டில் பழைய கார் தூங்கும் வீடு எதுவானாலும், இந்தக் கேள்வியைக் கேட்காத இல்லத்தரசி இருக்க மாட்டாள். கேட்பதிலும் தப்பில்லை. அந்த இடத்தில் துணி உலர்த்தலாம். வாஷிங் மெஷினை வைக்கலாம். ஒன்றுமில்லாவிட்டால் நல்ல காற்றாவது வரும்!

ஆனால், குரோம்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இதே கேள்வியைக் கேட்ட மருமகள்தான் அந்தக் கார் பிழைத்து எழுந்ததற்குப் பாதிக் காரணம். அந்தக் கதையைக் கேளுங்கள்.

மாமனார் வாங்கிய வண்டி

கார், 1966-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் சென்னைக்கு அருகே, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் தயாராகி வந்த வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்ற பெயரில் அது பிறந்தது. அதற்கு உருவம் வரைந்து கொடுத்தவர் மிச்செலாட்டி என்ற இத்தாலிக்காரர். எஞ்சின் 948 ஸி.ஸி.தான்.

வீட்டிலேயே ரிப்பேர் பார்க்கிறவர்களிடம் இவ்வளவு இரக்கம் காட்டும் கார் அபூர்வம். மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும், டிரங்குப் பெட்டியின் மூடியைப் போல, முன்புறமாகத் தூக்கிக்கொள்ளும். டயர் மேலேயே சௌகரியமாக உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம்.

மாமனார் காலமான பிறகு வண்டி 22 வருஷம் ஷெட்டில் கிடந்தது. மகன் பாங்கு உத்தியோகஸ்தர். ‘அப்பாவின் காரைக் கிளப்பியே தீருவேன்’ என்று ஒரு நாள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

எஞ்சின் விஷயத்தில் அவர் அவசரப்படவில்லை. வெகு நாள் தூங்கிய எஞ்சினைச் சாவி போட்டு உடனே சுழற்றினால், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் பிஸ்டன் வளையங்கள் உடையக்கூடும். ஆகவே, நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை விட்டு, இரண்டு நாள் ஊறப் போட்டார். பிறகு கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது! டாங்கில் வார்னிஷாய்ப் போயிருந்த பழைய பெட்ரோலை இறக்கினார். ஆயில் மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். காற்று வடிகட்டிக்குள் ஓர் எலிக் குடும்பமே குடித்தனம் நடத்தியிருந்தது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருமி, தும்மி, புகை கக்கி, ஹெரால்டு உயிர் பெற்றது. தெருவே கூடிவிட்டது.

அந்த ஒரு நிமிஷம்

சந்தோஷத்தில் மனிதருக்குத் தலை கால் தெரியவில்லை. பதிவு புதுப்பிக்கவில்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. “தெருக்கோடி வரைக்கும்தானே!” என்று வண்டியை வெளியே எடுத்துவிட்டார்.

தெருக்கோடியில் கீரை வண்டி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பையன் சைக்கிளோடு நின்றான். இவர் பிரேக்கை மிதித்தார். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரையோடு தரையாய்ப் போய்விட்டது! மறுபடி மிதித்தார். ஊஹூம்! கடைசியில் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கீரை வண்டிக்கு ஒரு சாண் தூரத்தில் கார் நின்றது.

ஹேண்ட் பிரேக் மட்டும் எப்படிப் பிடித்தது? கால் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்வது. ஹேண்ட் பிரேக் கம்பியால் இழுப்பது. அந்தக் காலத்துக் கார்களில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து எண்ணெய்ப் பாதை ஒன்றே. ஓரிடத்தில் ஒழுகினாலும் நாலும் போச்சு!

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பிய மகனை அம்மா திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

“ஏண்டா, ஓடினா மட்டும் போதுமா? நிக்க வேண்டாமா?”

மிதி, பிடி, விடு!

அன்றிலிருந்து மருமகள் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். “பிரேக் சரியாகிறவரைக்கும் சாவி அத்தைகிட்டதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டாள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் முதலில் செல்போனில் படம் பிடித்தாள். திருகாணிகளை ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, ‘இடது பின் சக்கரம்’, ‘வலது முன் சக்கரம்’ என்று சீட்டு ஒட்டினாள். ரிப்பேர்க்காரர்களில் பாதிப் பேர் தோற்றுப் போவது கழற்றுவதில் அல்ல, திருப்பிப் பூட்டுவதில்தான்!

டிரம்மைக் கழற்றியபோது விஷயம் வெளிச்சமாயிற்று. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. வருஷக்கணக்கில் நின்றதில், அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளிருந்தே துருவாக்கிவிட்டது. ரப்பர் வாஷர்கள் அப்பளம்போல நொறுங்கின. எல்லாச் சிலிண்டர்களுக்கும் புது வாஷர்கள், புது ரப்பர் குழாய்கள் வாங்கினார்கள். சொறிந்து போன சிலிண்டர்களை அடியோடு மாற்றினார்கள். பின்பு அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, அவர் எதிரிலேயே மற்ற வேலையைச் செய்தார்கள்.

எண்ணெய்ப் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். தூரத்திலுள்ள இடது பின் சக்கரத்தில் ஆரம்பம். கணவர் கீழே ஸ்பானரோடு. மனைவி மேலே பெடலில். “மிதி! பிடிச்சுக்கோ!” என்றதும் அவர் திருகைத் தளர்த்துவார், குமிழி குமிழியாக எண்ணெய் வரும். இறுக்கிய பிறகுதான், “விடு!” முந்தி விட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். “கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் சொன்னதை நான் அப்படியே கேட்டது அன்றைக்குத்தான்!” என்று சிரிக்கிறாள் அந்த அம்மாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கார் இருந்தால்

ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் காருக்கடியில் படுக்க விடாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு அவசியம். செங்கல் அடுக்கு ஆகவே ஆகாது, நொறுங்கிவிடும்.

பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதக் கூடாது. ஈரத் துணியால் ஒற்றியெடுத்துக் கட்டிப் போடுங்கள். அது நுரையீரலுக்குச் சத்துரு.

பெட்ரோலைத் திறந்த வெளியில்தான் இறக்க வேண்டும். பூஜை விளக்கும் காஸ் அடுப்பும் தூரத்தில் இருக்கட்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 50 வருஷத்துக்கு மேற்பட்ட, மூல உருவம் மாறாத கார்களை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதியலாம் என்று 2021-ல் மத்திய அரசு விதி செய்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி போன்ற காரியங்களுக்குத்தான் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. குரோம்பேட்டைக் குடும்பம் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டது. சோதனைக்குப் போன அன்று, அதிகாரி காரை ஓடச் செய்து பிரேக்கை அழுத்தச் சொன்னார். வண்டி கப்பென்று நின்றது.

மறுநாள் சாயங்காலம் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு மகன் புறப்பட்டார். அதே தெருக்கோடி, அதே கீரை வண்டி. கார் பத்தடி முன்னதாகவே நின்றது.

அம்மா இறங்கவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்கப்பாவும் இப்படித்தான், தள்ளியே நிறுத்துவார்” என்றார். பிறகு இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கிக்கொண்டார்.