வளரும் மலையும் நடுங்கும் வீடும்

பூஜை அறைகளில் வைத்து வழிபடும் சாளக்கிராமத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நேபாளத்துக் காளி கண்டகி நதியில் கிடைக்கும் அக்கறுப்புக் கல்லினுள் சக்கரம் போன்ற சுழி ஒன்று உண்டு. சுமார் 15 கோடி வருஷங்களுக்கு முன் சமுத்திரத்தில் வாழ்ந்த ஒரு பிராணியின் ஓடு பதிந்த சுவடே அது என்கிறது பூகர்ப்ப சாஸ்திரம். கடற்பிராணி ஹிமாலயத்து நதிக்கு வந்தது எப்படி? பிராணி மலை ஏறவில்லை. அது கிடந்த கடல் தரையே மலையாக எழுந்துவிட்டது! எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறையும் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையே.

கண்டங்கள் இடம் பெயர்கின்றன என்று ஜெர்மனி தேசத்து ஆல்பிரெட் வெகனர் 1912-ல் கூறியபோது அறிஞர் பலர் நகைத்தனர். அவற்றை நகர்த்தும் சக்தி எது என்பதற்கு அவரால் தக்க விடை கூற முடியவில்லை. 1930-ல் கிரீன்லாந்தின் பனிவெளியில் அவர் உயிர் நீத்தார். சமுத்திரத் தரையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 1960-க்குப் பின்னரே அவர் கொள்கையின் சாரம் மெய் என நிலைநாட்டினர்.

பூமியின் மேலோடு ஒரே துண்டு அன்று. பல பெரும் பாளங்களாகப் பிளவுண்டு கிடக்கிறது. அவற்றின் அடியிலுள்ள பாறை கெட்டியானதே; ஆயினும் கடும் வெப்பத்தால் மிக மிக மெதுவாக இளகி நகர்கிறது. நடுக்கடலில் பாளங்கள் விலகுமிடத்தில் பாறைக் குழம்பு மேலெழுந்து புதிய தரையாக உறைகிறது. ஆறிக் கனத்த பழைய தரையோ வேறோரிடத்தில் பூமிக்குள் அமிழ்கிறது. கிணற்றில் இறங்கும் வாளி கயிற்றை இழுப்பது போல் அது தன் பாளத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது.

நமது பாரத பூமியும் இவ்வாறு யாத்திரை செய்ததே. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா முதலியவற்றுடன் அது ஒன்றாயிருந்த பெருங்கண்டத்திற்கு, நம் நாட்டுக் கோண்டு மக்களின் பெயரையொட்டிக் கோண்ட்வானா என்று பெயரிட்டனர். சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, வடக்கே விரைந்து, சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முன் ஆசியாவின் மீது மோதியது. இடையிலிருந்த கடல் மறைந்தது. அதன் தரை மடிந்து ஹிமாலயமாக உயர்ந்தது.

அந்த மோதல் இன்னும் ஓயவில்லை. வருஷத்திற்குச் சுமார் 2 அங்குலம் நம் பாளம் வடக்கே நகர்கிறது. இதில் ஏறக்குறைய முக்கால் அங்குலத்தை ஹிமாலயம் ஏற்றுக்கொள்கிறது. மலையடியில் பாறைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் இந்நகர்வு அன்றாடம் தீர்வதில்லை. கடன் போல் சேர்கிறது. நூறு வருஷத்தில் ஓராள் உயரம் சேர்ந்துவிடும். பிடி விடும் நாளில் பூமி அதைச் சில நிமிஷங்களுக்குள் தீர்க்கிறது. அதுவே பூகம்பம்.

1934 ஜனவரி 15-ந் தேதி பீஹாரும் நேபாளமும் குலுங்கியது இவ்விதமே. பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது தமிழ் நாட்டில் யாத்திரை செய்துகொண்டிருந்த மகாத்மா காந்தி, தீண்டாமைப் பாவத்திற்கு ஈசுவரன் விதித்த தண்டனை இது என்று திருநெல்வேலியில் கூறினார். தீண்டாமை பாவம் என்பதில் கவி தாகூருக்கும் ஐயமில்லை. ஆனால் இயற்கை நிகழ்ச்சிக்கு இப்படிக் காரணம் கற்பித்தலாகாது என்று அவர் மறுத்தெழுதினார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தமது 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டார். பாறைகளின் கணக்கில் பாவ புண்ணியம் இல்லை என்பதே விஞ்ஞானத்தின் முடிவு.

அப்படியானால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. நம் பாளத்தின் மேற்கு ஓரத்தில், இன்று பாகிஸ்தானிலுள்ள குவெட்டாவைப் பாருங்கள். 1931-ல் அப்பிரதேசம் அதிர்ந்த பின், ரயில்வே எஞ்சினீயர் ஸ்ரீ எஸ். எல். குமார் பழைய தண்டவாளங்களைச் சட்டமாக நிறுத்தி, இடையே செங்கல் வைத்து, அங்கே சில வீடுகளைக் கட்டினார். 1935 மே 31-ந் தேதி விடியுமுன் பெரும் பூகம்பம் வந்தது. நகரம் மண்மேடாயிற்று, உறங்கியவர்களில் பல்லாயிரம் பேர் எழவே இல்லை. ஸ்ரீ குமார் கட்டிய வீடுகளோ நின்றன!

பூமி ஆடிய ஆட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். கட்டிய விதந்தான் வேறு. பூகம்பத்தைத் தாங்கும் கட்டிட விதிகளை நம் நாடு 1962-லேயே வகுத்தது. ஆயினும் 2001 குடியரசு தினத்தன்று கச்சு பூமி நடுங்கியபோது, நூறு மைலுக்கு அப்பாலிருந்த ஆமதாபாத்தில் புதிய மாடி வீடுகள் பல சரிந்து விழுந்தன. ஏட்டிலுள்ள விதி சுவரைத் தாங்காது.

பூகம்பம் வரும் நாளைக் குறித்துச் சொல்ல எந்தச் சாஸ்திரத்தாலும் இன்று இயலாது. எங்கெங்கே வரக்கூடும் என்பதை அது நன்கு அறிந்திருக்கிறது. வீடு கட்ட எண்ணுவோர் வாஸ்துவும் முகூர்த்தமும் பார்ப்பதோடு, மூலைகளில் இரும்புக் கம்பி இறங்கியிருக்கிறதா, வாசல் ஜன்னல்களின் தலைக்கு மேல் சுவர்களையெல்லாம் சேர்த்துக் கட்டும் பட்டை ஓடுகிறதா என்று கொத்தனாரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மலை வளர்வதை நம்மால் நிறுத்த முடியாது. அதற்காக நம் வீட்டுச் சுவர் குழந்தைகளின் மேல் விழவேண்டும் என்பதில்லை.